பெயர் கேட்காத கண்கள்

கன்னியாகுமரி முனையில் நின்று தென்கிழக்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது கடல் ஒன்றுதான். எனினும் அத்திசையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் சென்றால் கொழும்பு நகரம் வந்துவிடும். நம் மாநிலத்தின் தலைநகரமோ இதைப்போல் இரு மடங்குக்கும் மிகுதியான தொலைவில் இருக்கிறது. நிலவரைபடத்தின்படி பார்த்தால், சென்னையில் வாழ்பவரைவிடக் கொழும்பில் வாழ்பவரே நமக்கு அடுத்த வீட்டுக்காரர். ஆயினும் அந்த அடுத்த வீட்டில் இன்று என்ன சமைத்தார்கள், பிள்ளைகள் எந்நேரம் பள்ளிக்குப் புறப்பட்டார்கள், மீன் விற்ற பணத்தில் என்ன வாங்கினார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு காலத்தில் அந்நாட்டை நாம் காதால் அறிந்திருந்தோம். நமது சிறுவயதில் ஊர்த் தேநீர்க் கடைகளில் விடிந்தது முதல் ஒலித்துக்கொண்டிருந்தது இலங்கை வானொலிதான். அதன் அறிவிப்பாளர்கள் பேசிய தமிழைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. 1982-இல் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின், உயரமான குழாயில் ஆன்டெனா கட்டிய சில வீடுகளில் அந்நாட்டு மனிதர்களின் உருவமும் மங்கலாகத் தெரியலாயிற்று. அடுத்த ஆண்டே ஜூலைக் கலவரம் வெடித்தது. அதன்பின் 26 ஆண்டுகள் அந்த அயல்வீடு நமக்கு எரியும் வீடாகவும், அகதிகள் வந்திறங்கும் படகாகவும், பிணங்களின் எண்ணிக்கையாகவுமே காட்சியளித்தது.

போர் 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. இப்போது பயணிகள் தாராளமாகச் சென்று வருகிறார்கள். காலித் துறைமுகக் கோட்டை, நுவரெலியாத் தேயிலைச் சரிவு, எல்ல மலைப்பாதையில் நீலநிறத் தொடர்வண்டி என்று ஆயிரக்கணக்கான படங்கள் நம் கைபேசிகளுக்கு வந்து சேருகின்றன. கட்டிலில் சாய்ந்தவாறே அயல்நாட்டுச் சந்தையைப் பார்க்கிறோம். அங்கே கீரை விற்கும் மூதாட்டியின் முகச் சுருக்கங்களையும் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, அடுத்த படத்திற்கு விரலைத் தள்ளுகிறோம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஒருவரைப் படத்தில் பார்ப்பது அவரை அறிவதாகுமா? பார்க்கின்ற நமக்குப் பார்க்கப்படுபவரிடத்தில் கடமை ஏதேனும் உண்டா?

வள்ளுவர் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இன்று நாம் அச்சொல்லைப் பார்க்கும் கோணம் என்னும் பொருளில் வழங்கி வருகிறோம். அவருக்கோ அது, கண்டவர்மேல் கண் ஓடும்போது நெஞ்சும் கூடவே ஓடுகின்ற இரக்கம். அந்த இரக்கம் கண்ணுக்கு நகை என்றும், அது இல்லாவிட்டால் முகத்தில் இருப்பது புண் என்றும் கருதியவர் அவர். நிழற்படக் கருவி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பார்த்தல் என்பது அறம் சார்ந்த செயல் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் அன்றோ!

அடுப்பைக் காட்டும் படங்கள்

நிழற்படத்தைக் குறை கூறுவது எளிது. அதற்கு முன்னர் அது செய்யும் நன்மையைச் சொல்லிவிட வேண்டும்.

2018-ஆம் ஆண்டு சனவரியில் நம் பங்கு மக்கள் சிலருடன் இலங்கைக்குத் திருப்பயணம் சென்றிருந்தோம். கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு, மடு அன்னையின் ஆலயம் ஆகியவற்றைத் தரிசித்துவிட்டு மலைநாட்டையும் பார்த்துத் திரும்பினோம். எடுத்து வந்த படங்களில் நல்லவற்றைத் தேர்ந்து, ஒரு ஞாயிறு மாலையில் பங்கு மன்றத்தில் திரையிட்டோம். அன்று நடந்தவற்றையே இக்கட்டுரை பெரிதும் பற்றி நிற்கிறது.

நீர்கொழும்புக் கடற்கரைப் படம் ஒன்று திரையில் வந்தது. மணலில் விரித்த சாக்குகளில் மீன் காய்கிறது. அப்பால் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று வலைக் கயிற்றை இழுக்கிறார்கள். நம்மில் பலர் அதன் அழகை வியந்துகொண்டிருந்தோம். மன்றத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து முன்னே வந்தார். கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு, இலங்கைச் சிறையில் சில மாதங்கள் இருந்து திரும்பியவர் அவர். 'சிங்களவன்' என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து வசையாக மட்டுமே நாம் கேட்டிருந்தோம்.

"இது நம்ம கரைமடிதானே, சாமி?" என்று கேட்டார்.

ஆம் என்றோம். அதை அங்கே 'மாதெல்' என்கிறார்கள் என்றும், நம் சாளை மீனை அவர்கள் 'சாலயா' என்கிறார்கள் என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் படத்தையே உற்றுப் பார்த்தார்.

"மடி காலியாட்டுல்லா கெடக்கு. பாவம், அவங்களுக்கும் மீன்பாடு இல்ல போல."

அவர் சொன்னபிறகுதான் நமக்கும் அது தெரிந்தது. வலை வெறுமையாகத்தான் வந்துகொண்டிருந்தது. நாம் அந்தக் கரையில் நேரில் நின்றிருந்தும் காணாததை, கடலுக்கு இப்பால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்த அவர் கண்டார். கயிறு இழுப்பவன் யார், என்ன மொழி பேசுகிறவன் என்பது அக்கணத்தில் அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. வெறும் மடியோடு வீடு திரும்புவது என்னவென்று அவர் அறிவார்.

பகைமை எப்போதும் அயலாரை ஒரே உருவமாகத் திரட்டிக் காட்டும். அவ்வுருவத்திற்குச் சீருடையும் துப்பாக்கியும் இருக்கும். அடுப்பு இராது, பள்ளிக்குப் போகும் பிள்ளை இராது, வட்டிக் கடன் இராது. அன்றாட வாழ்வைக் காட்டும் ஒரு படம் அந்தத் திரட்சியைக் கலைத்துவிடுகிறது. வெள்ளைச் சீருடையில் பேருந்துக்கு ஓடும் மாணவி, இடியாப்பத் தட்டுகளை அடுக்கும் பெண், குடையை மடக்கிக்கொண்டு ஆலயத்தில் நுழையும் முதியவர் ஆகியோரைப் பார்த்தபின் 'அவர்கள் எல்லாரும்' என்று தொடங்கும் வாக்கியத்தைச் சொல்ல நாக்குக் கூசும். போர்ச் செய்திப் படங்கள் 26 ஆண்டுகளில் செய்ய இயலாததை, வெறும் வலை ஒன்றின் படம் ஒரே மாலையில் செய்தது.

எழுதப்படாத பெயர்கள்

ஆயினும் எல்லாப் படங்களும் இவ்வாறு செய்வதில்லை. இலங்கையின் நிழற்பட வரலாறே இதற்குச் சான்று பகரும்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கில அம்மையார் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர்; நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். இங்கிலாந்தில் இருந்தபோது தம் வீட்டுப் பணிப்பெண்ணையே அன்னை மரியாவாக அமரச் செய்து புகழ்பெற்ற படங்களை எடுத்தார். அப்பணிப்பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்பதைக் கலை வரலாறு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1875-இல் அம்மையார் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் வாழ்ந்தபோது அங்கிருந்த எளிய மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம் எடுத்தார். 1879-இல் அந்நாட்டிலேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சியிருக்கும் அவருடைய இலங்கைப் படங்கள் சிலவே. அவற்றில் உள்ள முகங்கள் நம்மை நேருக்கு நேர் நோக்குகின்றன. அவர்களுள் நம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களும் இருந்திருக்கலாம். ஆனால் இவர்கள் 'இலங்கைக் குடியானவர்கள்' என்ற பொதுப்பெயராலேயே குறிக்கப்பட்டார்கள். அதே கண், அதே கருவி. அங்கே ஒரு பணிப்பெண்ணுக்குப் பெயர் இருந்தது, இங்கே உழைப்பாளிக்கு இல்லை.

அதன்பின் வந்தது அஞ்சலட்டைக் காலம். 1890-இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே போன்ற படநிலையங்கள் இலங்கைக் காட்சிகளை அட்டைகளாக அச்சிட்டுக் கப்பல் பயணிகளுக்கு விற்றன. கொழுந்து பறிப்பவள், தமிழ்ப் பெண், சிங்கள ஆடவன் என்று வகைகளே அவற்றின் தலைப்புகளாயின. பூவையும் பறவையையும் வகைப்படுத்துவது போலவே மனிதரையும் வகைப்படுத்தினர். இவற்றுக்கு மாறாக, அம்மண்ணிலேயே பிறந்த லயனல் வென்ட் என்னும் கலைஞர் (1900-1944) தம் நாட்டு மக்களின் உழைப்பையும் ஓய்வையும் வீட்டுக்காரரின் உரிமையோடு படம்பிடித்தார். அவர் மறைந்தபின் 1950-இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தன. ஆகவே குறை கருவியில் இல்லை. அதன் பின்னால் இருக்கும் உறவில்தான் உள்ளது.

பார்ப்பவருக்காக வாழ்தல்

இலங்கையின் தென்கரையில் வெலிகம, அகங்கம, கொக்கல என்னும் ஊர்களில் கடலுக்குள் ஊன்றிய கழிகளின்மேல் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களின் படத்தைப் பார்க்காதவர் அரியர். அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி 1995-இல் எடுத்த படம் அவர்களை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. இம்முறை பழங்காலத்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது பரவிய வழக்கம் அது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இத்தொழிலை விட்டவர் பலர். இன்று அக்கழிகளில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் மீனுக்காக அமர்வதில்லை. பயணிகள் தரும் பணத்திற்காக அமர்கிறார்கள்.

இதை நாம் ஏளனம் செய்யலாகாது. கடலில் கிடைப்பதைவிடக் கருவியின் முன் அமர்ந்தால் கிடைப்பது மிகுதி என்றால், நான்கு வயிறுகளுக்குப் பொறுப்பான ஒருவர் வேறு என்ன செய்வார்? எனினும் வருந்தத்தக்க ஒன்று இதில் உண்டு. நம் கண் எதை விரும்புகிறதோ, அதையே வறியவர் வேடமாக அணிந்துகொள்ள நேர்கிறது. அவருடைய இன்றைய வாழ்வை நாம் காண விரும்பவில்லை. நம் மனத்தில் முன்பே உள்ள படத்தையே அவரிடம் தேடுகிறோம். அவரும் அதைத் தந்துவிட்டு, தம் உண்மையான வாழ்வை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

இது நமக்குப் புதிதன்று. கன்னியாகுமரிக்கு வருவோர் உதிக்கும் கதிரவனையும், பாறையையும், 133 அடி வள்ளுவர் சிலையையும், அலங்கார உபகார மாதா ஆலயத்தின் வெண்கோபுரங்களையும் படம் எடுக்கிறார்கள். கோபுரத்தின் அடியில் வலை பின்னும் ஒருவரும் அப்படத்தில் விழுகிறார். அவருடைய படகுக்கடன் அதில் விழுவதில்லை. படம் எடுத்தவருக்கு அவர் காட்சியின் ஒரு பகுதி, அவ்வளவே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரே அலை இருநாட்டுக் கரைகளையும் அடித்தது. இங்கே குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. அங்கே காலி, மாத்தறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேரும், இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அந்நாள்களில் வந்த படங்களின் கீழிருந்த ஊர்ப்பெயர்களை மறைத்துவிட்டால், எது நம் கரை, எது அவர்கள் கரை என்று பெற்ற தாயாலும் சொல்லியிருக்க முடியாது. கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த, தரையில் விழுந்து கதறும் பெண்ணின் படம் உலகப் பத்திரிகை நிழற்பட விருதைப் பெற்றது. அத்தகைய படங்களால் உலகின் நெஞ்சம் இளகியது; உதவி வந்தது. இதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் மற்றொன்றையும் நாம் கண்டோம். அப்போது நாம் இளங்குருவாகக் கடற்கரை முகாம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். பேரழிவு நடந்து மூன்று வாரங்கள் இருக்கும். கருவியோடு வந்த ஒருவர், குழந்தையை இழந்த தாய் ஒருவரை அக்குழந்தையின் செருப்புகளுக்கு அருகே அமரச் சொன்னார். வெளிச்சம் சரியில்லையாம். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கம்மா" என்றார். அந்தத் தாயும் திரும்பி உட்கார்ந்தார். மறுக்கலாம் என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. நமக்கு உள்ளம் கொதித்தது. வந்தவரைக் கடிந்து அனுப்பினோம். அன்றிரவு, இவ்வாறு எவரையும் நாம் ஒருநாளும் நடத்தமாட்டோம் என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம்.

கால் மணி நேரத்தின் விலை

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. நுவரெலியாவுக்குப் போகும் வழியில், சாலையோரத் தேயிலைச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வேனை நிறுத்தச் சொன்னோம். ஓரமாக நின்ற நடுத்தர வயதுப் பெண் ஒருவரின் அருகே சென்றோம். மூடுபனி விலகி அவர் முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நம் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா."

அவர் திரும்பினார். நாம் எடுத்தோம். நம் குழுவினர் ஒவ்வொருவராக வந்து அவர் அருகில் நின்றும் எடுத்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு, "இந்தியாவில எந்த ஊரு?" என்று கேட்டார். கன்னியாகுமரி என்றோம். "எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. ஊர் பேருதான் தெரியாது" என்றார். நாம் மறுமொழி கூறுமுன் ஓட்டுநர் ஒலியெழுப்பினார். வண்டியில் ஏறிவிட்டோம்.

நாம் முன்பு சொன்ன அந்த ஞாயிறு மாலையில், இப்படமும் திரையில் வந்தது. மன்றத்தில் வியப்பொலி எழுந்தது. மிக அழகான படம் என்று நாமும் உள்ளூர மகிழ்ந்திருந்தோம். அப்போது முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் மெல்ல எழுந்து திரைக்கு அருகே சென்றார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, 1970-களில் தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் வந்து, கீரிப்பாறைப் பக்கத்து இரப்பர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, இப்போது நம் பங்கில் மகள் வீட்டில் வாழ்பவர். ஊரில் எல்லாரும் அவரைச் 'சிலோன் பாட்டி' என்பார்கள்.

அவர் திரைத்துணியில் விழுந்திருந்த அப்பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பில் சுற்றியிருந்த படங்கைக் காட்டி ஏதோ தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நம் பக்கம் திரும்பி, "இந்தப் பிள்ளை பேர் என்ன, சாமி?" என்றார். பேத்தி வயதினரைக் கண்டதுபோன்ற குரல்.

"கேட்கவில்லை, பாட்டி" என்றோம்.

"எவ்வளவு நேரம் நிப்பாட்டி வச்சிருந்தீங்க?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"நின்னு பேசினா நிறுவை கொறஞ்சிருமே, சாமி. அரைப்பேருதானே விழும்."

மன்றத்தில் பலருக்கு அது விளங்கவில்லை. அவரே விளக்கினார். மலைநாட்டுத் தோட்டங்களில் ஒருநாள் வேலை பதிவேட்டில் ஏறுவதைப் 'பேர்' என்பார்கள். குறித்த அளவு கொழுந்து எடை நின்றால் முழுப்பேர். எடை குறைந்தால் அரைப்பேர், கூலியும் பாதிதான். ஓடி ஓடிப் பறித்தாலும் முழுப்பேர் விழாத நாள்கள் உண்டு என்றார். குற்றம் சாட்டும் தொனி எதுவும் அவரிடம் இல்லை. தாம் அறிந்த வேலையைப் பற்றி நமக்குச் சொன்னார். சொல்லிவிட்டு இருக்கையில் போய் அமர்ந்தார்.

நாம் கொடுத்த நூறு ரூபாய் அப்பெண்ணின் இழப்பை ஈடு செய்ததா, அன்று அவருக்கு முழுப்பேர் விழுந்ததா, நாம் அறியோம். அறிய வேண்டும் என்று அங்கே தோன்றவுமில்லை. ஆழிப்பேரலை முகாமில் நாம் கடிந்து அனுப்பிய மனிதரின் சொற்களே நம் வாயிலிருந்தும் வந்தன என்பது அன்றிரவுதான் நினைவுக்கு வந்தது. பார்க்கப்படும்போது நமக்கு வலித்தது, பார்க்கும்போது மறந்துவிட்டது. அன்றைய இறைவேண்டலில் நமக்குச் சொற்கள் எளிதில் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடைத் திருத்தலம், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பின் விடுதிகள் ஆகியவற்றில் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி வந்தவுடன் நாம் செய்த முதற்காரியம், நம் படத்தொகுப்பைத் திறந்ததுதான். கொச்சிக்கடை ஆலயத்தில் எடுத்த படங்களில் மெழுகுவர்த்தியோடு நின்ற ஒரு முதியவர், குழந்தையைத் தூக்கிக் காட்டிய ஓர் இளந்தாய், நமக்கு இடம் விட்டு நகர்ந்து அமர்ந்த இரு சிறுமியர். இவர்கள் இருக்கிறார்களா, இல்லையா? இறந்தோர் பட்டியலில் தேடுவதற்கு நம்மிடம் ஒரு பெயரும் இல்லை. முகங்கள் இருந்தன. பெயர் சொல்லி மன்றாட வழியின்றி, அப்படங்களைப் பீடத்தின் அருகே வைத்துத் திருப்பலி நிறைவேற்றினோம்.

மூவரும் கண்டார்கள்

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்; நாமே அதைப்பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். அதில் ஒரு செய்தியை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியரும் கண்டார். மூவரும் கண்டார்கள் என்றே லூக்கா எழுதுகிறார். முதலிருவர் குருடர்கள் அல்லர். அவர்கள் கண்டும் மறுபக்கம் விலகிப் போனவர்கள். மூன்றாமவரின் கண் கண்ட இடத்திலேயே நின்றது, கால்களும் நின்றன. பயணத்தை நிறுத்தினார், அருகில் சென்றார், தம் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டார். மறுநாளும் அந்த உறவு முடியவில்லை. திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். அயலார் யார் என்று கேட்டவரிடம் இந்த நிகழ்வைச் சொன்ன இயேசு, யார் அயலாராக நடந்துகொண்டார் என்று கேள்வியையே திருப்பிவிட்டார்.

பயணத்தில் எடுக்கும் படமும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டதே. நாம் பெற்றுக்கொண்டவை முகம், ஒளி, நினைவு. அவர் இழந்தவை நேரமும் சில வேளைகளில் கூலியும். இதைக் கணக்கில் எடுக்காத பார்வை, எவ்வளவு அழகான படத்தைத் தந்தாலும், மறுபக்கமாய் விலகிப் போகும் பார்வைதான்.

அப்படியானால் படமே எடுக்கலாகாதா? அவ்வாறு சொன்னால், வெறும் மடியைக் கண்டு இரங்கிய அந்த மீனவருக்கு நாம் அநீதி இழைத்தவராவோம். படம் எடுப்போம், பார்ப்போம். எடுக்குமுன் ஒப்புதல் கேட்போம். மறுத்தால் நன்றி கூறி நகர்வோம். பெயரைக் கேட்போம், நம் பெயரையும் ஊரையும் சொல்வோம். அவருடைய வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வோம். இயன்றால் ஒரு படி எடுத்து அவருக்கு அனுப்புவோம். படங்களைப் பார்ப்பவர்களாக மட்டும் நாம் இருக்கும்போதும், இவர் எதைச் சுமக்கிறார், இப்படம் எடுக்கப்பட்ட பின் எங்கே போயிருப்பார் என்று ஒரு நொடி நின்று கேட்போம்.

மேலும் ஒன்று. அயல்நாட்டாரின் அன்றாட வாழ்வைக் காணக் கடல் கடக்க வேண்டியதும் இல்லை. நம் மாவட்டத்திலேயே பெருமாள்புரம், பழவிளை முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்களில் பலருக்கு, இம்மண்ணிலேயே பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லை. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, நாடற்றவர்களாயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது; எஞ்சியவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்தக் கணக்கில் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் நம் மலையடிவாரத்து இரப்பர்க் காடுகளில் பால் வெட்டுகிறார்கள். இலங்கையின் தேயிலைச் சரிவைப் படத்தில் கண்டு உருகும் நாம், இவர்களுடைய வாசலில் எத்தனை முறை அமர்ந்திருக்கிறோம்?

இயேசு சொன்ன உவமைகளில் வரும் எளிய மாந்தருள் பெயர் பெற்றவர் ஒருவரே. செல்வரின் வாசலில் புண்களோடு கிடந்த இலாசர். செல்வரும் அவரை நாள்தோறும் கண்டிருப்பார். கடவுள் அறிந்த பெயரை அந்தச் செல்வர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அழைத்ததாக உவமை கூறவில்லை.

அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தில் ஒரு படி எடுத்து, அப்பகுதியில் பணியாற்றும் குருவானவர் ஒருவருக்கு அனுப்பி, அவரைக் கண்டுபிடித்துத் தருமாறு வேண்டினோம். பல மாதங்களுக்குப் பின் மறுமொழி வந்தது. அடையாளம் காண முடியவில்லை. தோட்ட வேலையை விட்டுக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்ட பெண்கள் பலர் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் இறுதியில், "பெயர் கேட்ட அந்தப் பாட்டியின் பெயரையும், அவர் பிறந்த தோட்டத்தையும் எழுதுங்கள். அவருடைய உறவினர் யாரேனும் இங்கே இருக்கக்கூடும்" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தோம். பங்கின் குடும்பப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும். நாமோ ஆண்டுக்கணக்காக நற்கருணை வழங்கி வந்தும், அவரைச் 'சிலோன் பாட்டி' என்றே அறிந்திருந்தோம்.

பதிவேட்டைப் புரட்டவில்லை. மறுநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து கேட்டோம். அவர் தம் பெயரைச் சொன்னார். தாயின் பெயர், பிறந்த தோட்டத்தின் பெயர், லயத்தில் அடுத்த காம்பிராவில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் என்று இருட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் எழுதி அக்குருவானவருக்கு அனுப்பியிருக்கிறோம். இங்கே அச்சிடவில்லை. இதழில் போடலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.